டெல்லி அண்ணாச்சியின் சரக்கு இந்தி

ஒரு மொழியை யாரிடமும் படிக்காமல், தன் அளவுக்குத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு, அதை வைத்துப் பாதி வட இந்தியாவுக்குப் பட்டாசு விற்ற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் சிவகாசியில் எங்கள் ஆபீசில் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருவிலேயே விழிப்பார்கள். டெல்லி அண்ணாச்சி என்றால் விஸ்வநத்தம் வரைக்கும் தெரியும். டெல்லிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வடக்கே அவர் போன அதிகபட்ச தூரம் காரியாபட்டி. அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மறுநாளே திரும்பிவிட்டார்.

நான் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் போய் அந்தப் பட்டாசுக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவன். ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா உட்கார்ந்து, காய்கறிக்காரரிடம் வாங்கிய வெண்டைக்காயை எண்ணிக்கொண்டிருந்ததால், வீட்டார் எல்லோரும் சேர்ந்து என்னை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆபீசில் அண்ணாச்சியின் இந்தியை எண்ணினேன். மொத்தம் நாற்பத்து மூன்று சொற்கள். ஒன்று இரண்டு என்கிற எண்களை இதில் சேர்க்கவில்லை.

இளம் வயதில் நான் இந்தியில் இரண்டு பரீட்சை எழுதித் தேறியவன். கேட்டால் புரியும், பேச வாய் வராது. அண்ணாச்சி எனக்கு நேர்மாறு. வாய் நிற்காது. புரிகிறதா என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே கிடையாது.

அவருடைய சொற்கள் எல்லாம் ஆர்டர் போனிலும் லாரி டிரைவர்களிடமும் பொறுக்கியவை. மால் என்றால் சரக்கு. பேஜ் தியா என்றால் அனுப்பியாச்சு. வாபஸ், திரும்பி வந்தது. கீலா, நமத்துப்போனது. ஆவாஸ், சத்தம். புரானா, பழசு. நயா, புதுசு. கதம் என்றால் தீர்ந்துபோச்சு, ஸ்டாக் இல்லை. பட்டாசு விற்க இது போதும், மிச்சமும் இருக்கும். ஆனால் அண்ணாச்சி இந்த நாற்பத்து மூன்றை வைத்தே மனிதர்களைப் பற்றியும் பேசினார். அங்கேதான் சிக்கல்.

இந்தூரில் ஒரு சேட் இருக்கிறார், எங்கள் கம்பெனியின் பழைய வியாபாரி. அவரும் அண்ணாச்சியும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. இருபது வருடமாகப் போனில்தான் பழக்கம். சேட் அவரை 'பையா' என்றுதான் கூப்பிடுவார். அங்கே அது அண்ணன் என்று மரியாதையாம். "புள்ள பெத்த வயசுல என்னயப் பையாங்காரே" என்று அண்ணாச்சி முதலில் முகம் சுளித்து, பிறகு அதிலேயே கிறங்கிப்போனார்.

அண்ணாச்சியின் மகள் கல்யாணம் முடிந்த வாரம் சேட் போன் செய்தார். கல்யாணம் நல்லபடி நடந்ததா என்று கேட்டார். அண்ணாச்சி எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுக் கத்தித்தான் பேசுவார். இந்தூர் தூரத்தில் இருக்கிறது என்பது அவர் நியாயம்.

"லடகி பேஜ் தியா, சேட்ஜி!" என்று கத்தினார். பெண்ணை லோடு ஏற்றி அனுப்பியாச்சாம். கூடவே வியாபார நாணயத்துடன் ஒரு உறுதியும் கொடுத்தார். "வாபஸ் நஹி!" திரும்பி வராதாம்.

அந்தப் பக்கம் சேட் சிரித்த சிரிப்பில் புரையேறி, யாரோ அவர் முதுகில் தட்டும் ஓசை வரை எங்களுக்குக் கேட்டது.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை சேட் விசாரித்தபோது, மாமியாரும் கூட இருக்கிறார் என்பதை அண்ணாச்சி இப்படிச் சொன்னார்: "சாஸ் புரானா மால். லேகின் ஆவாஸ் பஹுத்!" பழைய சரக்குத்தான், ஆனால் சத்தம் ஜாஸ்தி. சேட்டுக்குப் பேரன் பிறந்தபோது இவர் வாழ்த்தியது இன்னும் மேல். "நயா மால் ஆயா? பஹுத் அச்சா! ஆவாஸ் கைசா?" புதுச் சரக்கு வந்துவிட்டதா, சத்தம் எப்படி? சேட் அலுத்துக்கொண்டே பதில் சொன்னார், சத்தத்துக்குக் குறைவே இல்லை, வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை என்று.

ஒருமுறை அண்ணாச்சிக்குக் காய்ச்சல் வந்து உடம்பு தொய்ந்துபோனது. நமத்த வெடி மாதிரி ஆகிவிட்டேன் என்று சொல்ல நினைத்து, "சேட்ஜி, மைம் கீலா ஹோ கயா" என்றார். இந்தூரில் இதற்கு 'நான் நனைந்துவிட்டேன்' என்றுதான் அர்த்தம். அடுத்த வாரம் பார்சலில் முழங்கால் வரை வருகிற ஒரு மழைக்கோட்டு வந்தது. சிவகாசிக்கு மழைக்கோட்டு! மேகம் கறுத்தாலே சரக்கு காயாதே என்று முகம் கறுக்கிற ஊர். அண்ணாச்சி அதைப் போட்டுக்கொண்டு நல்ல வெயிலில் கடைத்தெரு வழியாக நடந்தார். யாராவது கேட்கட்டும் என்றுதான் நடந்தார். எட்டுப் பேர் கேட்டார்கள். எட்டுப் பேரிடமும், "நம்ம இந்தூர்ல இருந்து வந்துச்சு" என்றார்.

அந்த 'நம்ம'வில்தான் அவர் உயிர் இருந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபடி என்னிடம் சொன்னார்.

"ஸார், இந்த ஊர்ல என்னையச் சாப்பிட்டீகளான்னு கேக்க யாரு இருக்கா? மக போயிட்டா. வீட்டுக்காரி போய்ச் சேந்து எம்புட்டோ வருசம் ஆச்சு. மாமியாருக்குக் காது கேக்காது, வாய் மட்டுந்தான். இந்தூர்ல ஒரு மனுசன் தெனமும் 'கானா காயா'ன்னு கேக்காரு. இந்த போனு எங்கிட்ட இருக்கவரைக்குந்தான் அதெல்லாம். போனப் புடுங்கிட்டா நான் யாரு? கொடவுன்ல உக்காந்து பெட்டி ஒட்டுத கெளவன். அம்புட்டுத்தான்."

"யார் பிடுங்கப் போறா, சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றேன். நான் சொல்கிற ஆறுதல் எதுவும் நெடுநாள் நிற்பதில்லை.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம். எங்கள் தொழிலில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. இருக்கிற சரக்கைவிட மூன்று பங்கு ஆர்டர் குவிந்து, வியாபாரிகள் முதலாளியிடமே பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். முதலாளி உள்ளறையில் உட்கார்ந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொல்வார். எல்லாக் கம்பெனியிலும் முதலாளிகள் இல்லாமல் போகிற மாதம் அது.

அன்று காலையிலேயே முதலாளி தலையை நீட்டினார். "அண்ணாச்சி, யாரு கேட்டாலும் நான் இல்லைன்னுருங்க. இந்தூரா இருந்தாலும் சரி."

இந்தூர்தான் முதலில் கேட்டது. 'சேட் ஹை?' அவர் பேச்சில் எங்கள் முதலாளியும் சேட்தான்; முதலாளி இருக்கிறாரா என்று அர்த்தம்.

"சேட் கதம்" என்றார் அண்ணாச்சி.

எனக்கே அது தப்பாகப் படவில்லை. இந்தி படித்தவன்தான். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து என் காதும் சரக்குக் காதாகிவிட்டிருந்தது. சரக்கு இல்லையென்றால் கதம், ஆள் இல்லையென்றாலும் கதம்.

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுகிற சத்தம் கேட்டது. பிறகு சேட் தழுதழுத்த குரலில், "கப்?" என்றார். எப்போது?

அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பொய்யை உண்மை மாதிரி சொல்ல வேண்டும் அல்லவா. "அபீ அபீ. பாஞ்ச் மினிட்." இப்போதுதான், ஐந்து நிமிடம்.

"கைசே?" எப்படி?

"பஹுத் ஆர்டர்" என்றார் அண்ணாச்சி.

போன் வைக்கப்பட்டது. "இன்னைக்கு சேட்டு ஒத்தை வார்த்த எதுத்துப் பேசல பாத்தீகளா ஸார்? எடுத்துச் சொன்னாக் கேட்டுக்கிடுவாரு" என்று என்னிடம் பெருமைப்பட்டார்.

மத்தியானத்துக்குள் இந்தூரில் பட்டாசுக் கடைகள் கதவடைத்தன. நாங்கள் வருடாவருடம் அனுப்பும் காலண்டரில் முதலாளி சிரித்தபடி இருப்பார். அந்தப் படத்தை வெட்டி, மாலை வரைந்து, கீழே விளக்கு ஏற்றி, வியாபாரிகள் செல்போன் குரூப்பில் சுற்றவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த போன்கள் அறுபத்தொன்று. கூப்பிட்ட எல்லோரிடமும் அண்ணாச்சி சளைக்காமல், "ஹாம், கதம், கதம்" என்று உறுதி செய்தார்.

மறுநாள் காலை ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்காரர் கையில் பெரிய ரோஜா மாலையுடன் படியேறினார். வாசலில் முதலாளியே நின்று வடையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வந்தவர் அப்படியே நின்றார். "மொதலாளி... நல்லா இருக்கீகளா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். கையில என்ன மாலை?"

"இந்தூர்ல இருந்து போடச் சொன்னாக."

"யாருக்கு?"

வந்தவர் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "பொதுவாத்தான் மொதலாளி."

விவரம் தெரிந்ததும் முதலாளிக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, வந்திருந்த இரங்கல் எல்லாவற்றையும் தமிழில் சொல்லச் சொன்னார். விலையில் வருடம் தவறாமல் சண்டை போடுகிற ஒருவர், 'கடைசி வரை ஒரு பைசா குறைக்காத உத்தமர்' என்று எழுதியிருந்தார். "இம்புட்டு நல்லவனாவே நம்மள நெனைச்சிருக்காக" என்று முதலாளி மூக்கை உறிஞ்சினார்.

அண்ணாச்சியும் இந்தூருக்குப் போன் போட்டு நிலைமையைச் சீர்செய்தார். "சேட்ஜி! சேட் கதம் நஹி. சேட் வாபஸ்!" போன சேட் திரும்பி வந்துவிட்டார். சேட் நம்ப வேண்டுமே என்று சரக்கின் விவரமும் சேர்த்தார். "நயா நஹி. புரானா ஹீ!" புதுசு இல்லை, பழசேதான். சேட் அழுதுகொண்டே சிரித்தாரா, சிரித்துக்கொண்டே அழுதாரா என்று போனில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மாலை போட்ட படம் முதலாளியம்மா கண்ணில் பட்டுவிட்டது. புருஷன் படத்துக்கு மாலையும் கீழே விளக்கும்! அந்தம்மா ஆபீசுக்கு நேரே வந்துவிட்டார். யாரையும் சத்தம் போடாதவர். அன்றைக்கும் போடவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு நாங்க என்ன கொற வச்சோம்?"

அண்ணாச்சி எழுந்து நின்றார். "தாயி, ஆளு ஆபீஸ்ல இல்லைன்னுதான சொன்னேன்! இருந்தா இருக்குன்னு சொல்லுவேன், இல்லைன்னா கதம்னு சொல்லுவேன். இருவது வருசமா அப்படித்தான யாவாரம் நடக்கு!"

"இனிமே நடக்க வேண்டாம். அந்த போன அங்கன வைங்க."

வைத்தார்.

அவருக்குப் பதிலாக வந்தவர் ரோஸ்லின் டீச்சர். பள்ளிக்கூடத்தில் இந்தி நடத்தி ஓய்வு பெற்றவர், முதலாளி வீட்டுக்கு எதிர்வீடு. தங்கமான மனுஷி. அவர் இந்தியில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. போன் அடித்தால் எடுத்து, அட்சர சுத்தமாக, "க்ருபயா பிரதீக்ஷா கீஜியே" என்பார். தயவுசெய்து காத்திருங்கள். போன் கம்பெனியின் பதிவுக் குரல் என்று நினைத்து வியாபாரிகள் வைத்துவிட்டார்கள். ஒரே நாளில் இருபத்தேழு பேர். டீச்சர் திருப்பிக் கூப்பிட்டபோது மிச்சம் இருந்தவர்கள், இது ஏதோ சர்க்கார் ஆபீஸ், விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பயந்து எடுக்கவே இல்லை.

அண்ணாச்சி கொடவுனில் பெட்டி ஒட்டினார். நடுநடுவே தண்ணீர் குடிக்க வருகிற சாக்கில் ஆபீசுக்குள் வந்து, போனைப் பார்த்துவிட்டுப் போவார். "இந்தூர் போட்டாராமா?" என்று என்னிடம் கேட்பார். போட்டார், உங்களைக் கேட்டார் என்று சொன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடிப்பார்.

ஆர்டர் சரியத் தொடங்கியதும் முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். அண்ணாச்சிக்குப் போன் திரும்பக் கிடைக்கும், ஆனால் டீச்சரிடம் முறையாக இந்தி படித்துத் தேற வேண்டும். முதலாளியம்மாவும் அரைமனதாகத் தலையாட்டினார்.

போனுக்காக அண்ணாச்சி எதையும் படிப்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டீச்சர் முன்னால் கைகட்டி உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, மனுசங்களுக்குக் கதம்னு சொல்லப்படாது. அது செத்துப்போனதுக்குச் சமானம். ஆள் இல்லைன்னா 'உபஸ்தித் நஹீம் ஹைம்'னு மரியாதையாச் சொல்லணும்."

"டீச்சர், அத நான் சொல்லி முடிக்கதுக்குள்ள அவுக போன வச்சிட்டுத் தூங்கப் போயிருவாகளே!"

"சொல்லிப் பழகுங்க, வந்துரும்."

வந்தது. அதுதான் வினை. ஒவ்வொரு புதுச் சொல்லாக அவர் தலைக்குள் ஏற ஏற, பழையது ஒவ்வொன்றும் என்ன அர்த்தத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் பாடத்தின் நடுவில் நிறுத்தி, "அப்பம் மகளப் பத்தி நான் சொன்னது...?" என்று டீச்சரைக் கேட்டார். டீச்சர் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னார். அண்ணாச்சி நோட்டை மூடி வைத்தார். "சேட்டு சிரிச்சதெல்லாம் அதுக்குத்தானா" என்றார்.

சேட் சிரித்தது சந்தோஷத்தில், கேலியில் இல்லை என்று நான் சொன்னேன். காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

புதுச் சொற்கள் இருநூறைத் தாண்டியபோது நான் எண்ணுவதை விட்டேன். டீச்சர் அவர் தேறிவிட்டதாகச் சொன்னார். போன் அவர் மேசைக்குத் திரும்பி வந்தது. துண்டால் துடைத்து, வலப்பக்கம் வைத்துக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்து உட்கார்ந்தார். முதல் அழைப்பே இந்தூர்.

"நமஸ்கார் மஹோதய். மைம் ஆப்கீ க்யா சேவா கர் சக்தா ஹூம்?" வணக்கம் ஐயா, தங்களுக்கு நான் என்ன சேவை செய்யட்டும்? கத்தவில்லை. மெதுவான குரல்.

"ராங் நம்பர்" என்று சேட் வைத்துவிட்டார்.

மறுபடி போட்டார். மறுபடி வைத்தார். மூன்றாவது தடவை, "பையா இருக்கிறாரா?" என்று கேட்டார். நான்தான் பேசுகிறேன் என்று அண்ணாச்சி இலக்கணம் பிசகாமல் பதில் சொன்னார். சேட் கேட்டார், "தபியத் டீக் ஹை?" உடம்பு நன்றாக இருக்கிறதா? நன்றாக இருக்கிறது, நன்றி, ஆர்டர் சொல்லுங்கள் என்றார் அண்ணாச்சி.

சேட் ஆர்டர் சொன்னார். அதன்பிறகு அவர்கள் ஆர்டர் மட்டும்தான் பேசினார்கள்.

சீசன் முடிகிறவரை ஒரு லோடு மாறிப்போகவில்லை, ஒருவரும் தவறுதலாகச் சாகவில்லை. முதலாளியம்மாவுக்குத் திருப்தி. டீச்சர் மட்டும் ஒருநாள் போகும்போது என் மேசை அருகே நின்றார். "நான் சரியாத்தான் சொல்லிக்குடுத்தேன், இல்ல ஸார்?"

"சரியாத்தான் டீச்சர்" என்றேன். அதில் என்ன சந்தேகம்.

தீபாவளி முடிந்து ஆபீஸ் வெறிச்சென்று கிடந்த ஒரு பகலில் போன் அடித்தது. இந்தூர். ஆர்டர் வருகிற காலமே இல்லை. அண்ணாச்சி முறைப்படி வணக்கம் சொல்லி, ஆர்டர் சொல்லுங்கள் என்றார்.

"ஆர்டர் நஹி, பையா" என்றது அந்தப் பக்கம். "ஐசே ஹீ."

சும்மாதான், வேறொன்றுமில்லை. சேட் அதோடு நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஸ்பீக்கரில் இந்தூர்த் தெருவின் இரைச்சல் கேட்டது, ஒரு சின்னப் பிள்ளையின் குரலும் கேட்டது. அண்ணாச்சி வாயைத் திறந்தார், மூடினார். உள்ளே எதையோ எடுப்பதும் அது சரியா என்று புரட்டிப் பார்ப்பதும் திரும்ப வைப்பதும் முகத்தில் தெரிந்தது. நான் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தேன். ஏதாவது சொல்லுங்கள் மனுஷா, எதையாவது.

"தன்யவாத்" என்றார். நன்றி. போன் வைக்கப்பட்டது.

"திருப்பிக் கூப்பிடுங்க அண்ணாச்சி."

"கூப்புட்டு என்னத்தப் பேச ஸார்? தப்பு வந்துரும்."

"வந்தா வரட்டும்."

"இல்ல ஸார். எங்கிட்ட இவ்வளவு பிரியமா இருக்க மனுசன். அவுககிட்டப் போயி தப்பாப் பேசப்படாது."

போனைத் துண்டால் ஒருமுறை துடைத்து வைத்தார். நான் எழுந்து எதிர்க்கடைக்குப் போய் இரண்டு டீ சொன்னேன். அவருடையதில் சீனி கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்லி, கடைக்காரர் போடுகிறாரா என்று பக்கத்திலேயே நின்று பார்த்து, ஆறிவிடாமல் நானே கையில் எடுத்து வந்தேன்.